வாங்கும் கையை மட்டும் ஏன் பார்க்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓட்டுக்குப் பணம் வாங்கும் வாக்காளர்களைக் கண்டித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த தலையங்கத்தைப் படித்தேன். அதிலுள்ள கவலை எனக்கும் உண்டு. பணம் பெற்றுக்கொண்டு வாக்களிப்பது குற்றம் என்பதில் ஐயமில்லை. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆம் பிரிவு கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்தே குற்றவாளி என்கிறது. 173-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வழி செய்கிறது. சட்டம் இருவரையும் சமமாகப் பார்க்க, தலையங்கமோ வாங்குபவரை நான்கு பத்திகளில் சாடிவிட்டுக் கொடுப்பவரை இரண்டு வரிகளில் விட்டுவிட்டது. இதைத் தங்கள் நாளிதழின் குறையாக மட்டும் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் பண அரசியலை எதிர்த்துப் பேசும் நம்மில் பெரும்பாலோர் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்து வருகிறோம். இந்த எதிர்ப்பு, வாக்காளரின் வீட்டு வாசலை விட்டு வேட்பாளரின் கணக்குப் புத்தகத்துக்குப் போக வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதை விளக்கவே இக்கடிதம்.

வீட்டு வாசலில் நடந்த முயற்சிகளைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எனக்கு இல்லை. 'எங்கள் ஓட்டு விற்பனைக்கு அல்ல' என்று எழுதிய பலகையை வாசலில் மாட்டிவைத்த குடும்பங்கள் பல ஊர்களில் உண்டு. தெருவே பணம் வாங்கும்போது ஒரு வீடு மட்டும் மறுப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். லஞ்சம் கேட்கும் அலுவலரிடம் நீட்டுவதற்காக ஐந்தாவது தூண் அமைப்பினர் 2007-இல் அச்சிட்டு வழங்கத் தொடங்கிய பூஜ்ய ரூபாய் நோட்டு வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை பேசப்பட்டது. கல்லூரி மாணவர்களின் உறுதிமொழி, மனிதச் சங்கிலி, கோலப் போட்டி என்று தேர்தல் ஆணையமும் ஒவ்வொரு தேர்தலிலும் தன் பங்குக்கு ஏதாவது செய்கிறது. இவ்வளவும் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் பணப் பட்டுவாடாவின் வீச்சும் பெருகியது என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல் ஒரு 'ஃபார்முலா'வுக்கே பெயர் கொடுத்தது. காலையில் போடப்படும் செய்தித்தாளுக்குள் உறை வைத்துப் பணம் தரப்பட்டதாக அமெரிக்கத் துணைத் தூதரகம் தன் அரசுக்கு அனுப்பிய குறிப்பு 2011-இல் ஆங்கில நாளிதழ் ஒன்றில் வெளியாகி, அந்த ஊரின் பெயர் உலகம் முழுவதும் அடிபட்டது. 2016 சட்டமன்றத் தேர்தலின்போது அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரு தொகுதிகளின் தேர்தலைப் பணப் பட்டுவாடாவுக்காக ஆணையம் ரத்து செய்தது. 2017 ஏப்ரலில் சென்னை ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அதே காரணத்துக்காக நிறுத்தப்பட்டன. பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலே ரத்தானது இந்தியாவில் அதுதான் முதல்முறை. இந்தப் பெருமை நமக்குக் கிடைத்திருக்க வேண்டாம்.

அதற்குப் பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2016 நவம்பரில் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் மறுபடி தேர்தல் நடந்தபோது, இரு பெரிய கட்சிகளும் மே மாதத்தில் நிறுத்திய வேட்பாளர்களையே மீண்டும் நிறுத்தின. வேலூரில் 2019 ஆகஸ்டில் நடந்த தேர்தலிலும் முதன்மைப் போட்டியாளர்கள் மாறவில்லை. அரசு செலவிட்ட பணம் வீணானது. வாக்காளர்கள் இன்னொரு முறை வரிசையில் நின்றார்கள். ஆனால் தேர்தல் ரத்தானதற்குக் காரணமானவர்கள் யாரும் போட்டியிடும் தகுதியை இழக்கவில்லை. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58-அ என்று ஒரு பிரிவு உண்டு. பணப் பட்டுவாடாவுக்கும் அதைப்போல ஒரு பிரிவு வேண்டும் என்று ஆணையம் 2016-இல் கேட்டது. அது சட்டமாகவில்லை. ஆகவே இன்றும் அரசியல் சாசனத்தின் 324-ஆம் பிரிவின் பொது அதிகாரத்தை வைத்துத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கள் பகுதியில் பூக்கட்டி விற்கும் மூதாட்டி ஒருவரிடம் இதுபற்றிப் பேசியிருக்கிறேன். "நம்ம பணந்தான தம்பி, அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா கொஞ்சமா திரும்பி வருது" என்றார். இதை அறியாமை என்று நான் ஒதுக்கிவிடவில்லை. கொடுக்கப்படும் பணம் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்பதை நம்மில் பலரைவிட அவர் தெளிவாகவே கணக்கிட்டிருக்கிறார். அவரிடம் போய் 'வாங்காதீர்கள்' என்று உபதேசம் செய்வதற்கு முன், அந்தப் பணம் வந்த வழியை நாம் கேட்டோமா என்று அவர் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும். ஒரு தொகுதியில் இரண்டரை லட்சம் வாக்காளர்கள் என்றால் பணம் வாங்குவதைத் தடுக்க இரண்டரை லட்சம் மனங்களை மாற்ற வேண்டும். கொடுப்பதைத் தடுக்க ஐந்தாறு கணக்குகளைப் பார்த்தால் போதும். எது எளிது என்பதைத் தணிக்கைத் துறையில் காலம் கழித்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பணம் மேலிருந்து எப்படி வருகிறது என்பதைத் தேர்தல் பத்திரங்கள் நமக்குக் காட்டின. 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தின்படி, பாரத ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரையிலான பத்திரங்களை வாங்கித் தகுதிபெற்ற எந்தக் கட்சிக்கும் தரலாம் என்றிருந்தது. தந்தவர் யார் என்று பொதுமக்களுக்குத் தெரியாமல் இருந்தது. முந்தைய ஆண்டின் நிதிச் சட்டத்திலேயே இதற்கான பாதை போடப்பட்டிருந்தது. ஒரு நிறுவனம் தன் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்கு நன்கொடை தரக்கூடாது என்ற வரம்பு அப்போது நீக்கப்பட்டது. எந்தக் கட்சிக்குத் தந்தோம் என்று நிறுவனம் தன் கணக்கில் காட்ட வேண்டும் என்ற விதியும் போயிற்று. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இத்திட்டம் வாக்காளரின் தகவல் அறியும் உரிமையைப் பறிக்கிறது என்று சொல்லி ஒருமித்து ரத்து செய்தது. விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று வங்கி கேட்டது; மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகு தருகிறோம் என்பதுதான் அதன் பொருள். மார்ச் 11 அன்று நீதிமன்றம் அதை மறுத்தது. அதன்பின் சில நாள்களிலேயே பெயர்கள் வெளியாகிவிட்டன.

அப்பட்டியலில் முதலிடத்தில் இருந்தது கோயம்புத்தூரைச் சேர்ந்த ஃபியூச்சர் கேமிங் என்னும் லாட்டரி நிறுவனம். அது வாங்கிய பத்திரங்களின் மதிப்பு 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்தது. தந்தவர் பெயரை அக்கட்சி ஆணையத்திடம் தானே தெரிவித்தது. பல பெரிய கட்சிகள் அதைக்கூடச் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பத்திரங்களால் மிக அதிகமாகப் பயன்பெற்றது மத்தியில் ஆளும் பாரதிய ஜனதா கட்சி. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. சீட்டை விற்றால் பெட்டிக்கடைக்காரரைக் கைது செய்கிறோம்; சீட்டில் சேர்ந்த பணம் கட்சி அலுவலகத்துக்குப் போவதை ஆறு ஆண்டுகள் நாம் அறியவே இல்லை. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி பத்திரமே வாங்குவதில்லை என்று முடிவெடுத்து, வழக்கிலும் மனுதாரராக நின்றது என்பது அக்கட்சியோடு எல்லாவற்றிலும் உடன்படாத என்னைப் போன்றவர்களும் பதிவு செய்ய வேண்டிய உண்மை.

இந்த வழக்கை நடத்திய மற்றவர்கள் யார் என்பதுதான் என் வாதத்துக்கு முக்கியம். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்று தமிழில் குறிப்பிடப்படும் ஏ.டி.ஆர். அமைப்பை 1999-இல் தொடங்கியவர்கள் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பேராசிரியர்கள் சிலர். கட்சி இல்லை, கூட்டம் இல்லை, கொடி இல்லை. வேட்பாளர்கள் தங்கள் மீதுள்ள குற்ற வழக்குகளையும் சொத்து விவரங்களையும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார்கள். 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்ததும், மற்ற எதிலும் ஒன்றுசேராத கட்சிகளெல்லாம் இதில் மட்டும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. தீர்ப்பைச் செல்லாததாக்க ஓர் அவசரச் சட்டம் தயாரானது. அப்போதுதான் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றிருந்த அப்துல் கலாம் அதை ஒருமுறை திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதை அப்படியே மறுபடி அனுப்பியதால் கையெழுத்திட வேண்டியதாயிற்று. 2003 மார்ச் 13 அன்று நீதிமன்றம் அச்சட்டத்தின் 33-ஆ பிரிவைச் செல்லாது என அறிவித்தது. இன்று எந்தத் தொகுதியில் யார் நின்றாலும் அவருடைய சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, வழக்குகள் எத்தனை என்று தேநீர்க் கடையில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் பார்க்கிறோம் அல்லவா, அது இப்படி வந்ததுதான்.

அதற்கும் முன்பே, படிப்பறிவு குறைந்த கூலித் தொழிலாளர்கள் இதைவிட எளிய வழியொன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். ராஜஸ்தானில் சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராயும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற சிற்றூரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அங்கே நடந்தது ஒன்றே ஒன்றுதான். பஞ்சாயத்து வேலைகளுக்கான வருகைப் பதிவேட்டையும் பற்றுச்சீட்டுகளையும் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, முடியாத கட்டடத்துக்கு முழுத் தொகை என்று ஒவ்வொன்றாக வெளிவந்தது. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்களுடைய முழக்கம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. யாரையும் திருடன் என்று சொல்லாமல், எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதுதான் அம்முறையின் வலிமை.

நம் கைக்கெட்டும் தூரத்திலும் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் வேட்புமனு தாக்கலின்போது தேர்தல் செலவுப் பதிவேடு ஒன்று தரப்படுகிறது. அதில் வெள்ளைத் தாள்களில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்புத் தாள்களில் ரொக்கக் கணக்கு, மஞ்சள் தாள்களில் வங்கிக் கணக்கு எழுதப்பட வேண்டும். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக்கூடாது. பிரசாரக் காலத்தில் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் இப்பதிவேட்டை மூன்று முறை வரவழைத்துப் பார்ப்பார். அவருடைய குழுவினர் வீடியோ எடுத்து, நாற்காலி எண்ணி, கொடி எண்ணி, 'நிழல் பதிவேடு' என்று தனியாக ஒன்று எழுதி வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாடு இருந்தால் விளக்கம் கேட்பார்கள். முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் இறுதிக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் யார் வேண்டுமானாலும் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். இது சலுகையன்று, தேர்தல் நடத்தை விதிகள் தரும் உரிமை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மளிகைக் கடை வைத்திருப்பவர், சட்டக் கல்லூரி மாணவி, நான் என்று ஊரில் நாங்கள் சிலர் சேர்ந்து, சென்ற தேர்தல் ஒன்றுக்குப் பின் இக்கணக்குகளைப் படிக்க முயன்றோம். அலுவலகத்தில் எங்களைக் கேட்ட முதல் கேள்வி 'நீங்க எந்தக் கட்சி?' என்பதுதான். எந்தக் கட்சியும் இல்லை என்றதும் அடுத்து என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வாக்காளர்கள் கட்சி சார்பில்லாமல் வந்து கணக்குக் கேட்பார்கள் என்று அங்கே யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கோப்பு வேறொரு பிரிவில் இருக்கிறது, அதிகாரி முகாமில் இருக்கிறார் என்று அலைக்கழித்த பிறகு, ஒரு பழைய மேசையில் கோப்புக் கட்டை அவிழ்த்துப் போட்டார்கள்.

அதைப் படிப்பது ஒரு தனி அனுபவம். தேர்தலுக்கு முன் கட்சிகளோடு கலந்து பேசி, மாவட்ட நிர்வாகம் ஒரு விலைப்பட்டியல் வெளியிடும். தேநீர், வடை, சாம்பார் சாதம், கோழி பிரியாணி, நாற்காலி வாடகை, ஒலிபெருக்கி, மாலை, பொன்னாடை என்று எல்லாவற்றுக்கும் அதில் விலை உண்டு. கணக்கு முழுவதும் அந்த விலைகளில்தான் எழுதப்பட்டிருக்கும். ஆகவே விலையில் தவறு காணமுடியாது, எண்ணிக்கையில்தான் சூட்சுமம். கட்சித் தலைவர் வந்து பேசிய மாலையில், மைதானம் கொள்ளாத கூட்டம் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. ஒரு வேட்பாளரின் கணக்கில் அன்று போடப்பட்ட நாற்காலிகள் ஒரு திருமண மண்டபத்துக்குக்கூடப் போதாது. நட்சத்திரப் பேச்சாளரோடு வேட்பாளர் மேடையேறினால் கூட்டச் செலவில் அவருக்கும் பங்கு உண்டு என்பது ஆணையத்தின் விதி. அந்தப் பங்கைக் கணக்கில் நாங்கள் தேடிக்கொண்டே இருந்தோம். இன்னொரு பக்கம், பெயரே கேள்விப்படாத சுயேச்சை ஒருவர் வாகன அனுமதிகளை வாங்கி வைத்திருந்தார். அவருக்காக ஒரு சுவரொட்டியைக்கூட நாங்கள் எந்தச் சுவரிலும் கண்டதில்லை. அந்த வண்டிகளில் யார் போனார்கள் என்பது ஊருக்கே தெரியும். வேறொருவரின் செலவை மறைப்பதற்காகப் பெயரளவில் நிறுத்தப்படும் 'டம்மி' வேட்பாளர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அக்கோப்பே விடை.

சட்டமன்றத் தேர்தலில் நம் மாநிலத்தில் ஒரு வேட்பாளருக்கான செலவு வரம்பு 2022-இல் 40 லட்சம் ரூபாயாகவும், மக்களவைத் தேர்தலில் 95 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. வரம்பு போதவில்லை என்று கட்சிகள் சொல்லித்தான் அது உயர்ந்தது. ஆனால் 2024-இல் மக்களவைக்குத் தேர்வானவர்கள் காட்டிய செலவு, ஏ.டி.ஆர். ஆய்வின்படி, சராசரியாக வரம்பில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். கூட்டுறவுச் சங்கக் கணக்குகளை வாழ்நாளெல்லாம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி எல்லோருக்கும் மிச்சம் வருகிற கணக்கைத்தான் தணிக்கையாளர் முதலில் கையிலெடுக்க வேண்டும்.

தவறான கணக்கைக் கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு, அதற்கான காலம்தான் குறைவு. வரம்புக்கு மேல் செலவு செய்வது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. அதைக் காட்டித் தேர்தலைச் செல்லாதென அறிவிக்கக் கோரித் தோற்ற வேட்பாளர் மட்டுமல்ல, அத்தொகுதியின் எந்த வாக்காளரும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். ஆனால் முடிவு அறிவித்த 45 நாள்களுக்குள் போட்டாக வேண்டும். கணக்கு வருவதற்கே 30 நாள் ஆகிவிடுகிறது. மீதமுள்ள 15 நாளில் கோப்பைத் தேடி, படித்து, ஒப்பிட்டு, வழக்கறிஞரைப் பிடித்து, இரண்டாயிரம் ரூபாய் பிணைத்தொகை கட்டி மனு தாக்கல் செய்ய வேண்டும். தனி மனிதரால் இது முடியாது. முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கும் ஓர் உள்ளூர்க் குழுவால் முடியும்.

நீதிமன்றம் போகாத வழியும் ஒன்று உண்டு. கணக்கை உரிய முறையில் ஒப்படைக்காத வேட்பாளரை அதே சட்டத்தின் 10-அ பிரிவின்கீழ் மூன்றாண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. கணக்கு உண்மையா என்று பார்க்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டென 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், பணம் கொடுத்து வெளியிட்ட செய்திகளுக்கான செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011-இல் இப்படித் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். புகார் கொடுத்தவர் அவரிடம் தோற்ற வேட்பாளர். அவர் கையிலிருந்த சான்று இரண்டு செய்தித்தாள்களின் பக்கங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இந்த வழியின் எல்லையையும் சொல்லாமல் இருக்க முடியாது. வேட்பாளருக்குத்தான் வரம்பு, கட்சிக்கு வரம்பே இல்லை. அதே சட்டத்தின் 77-ஆம் பிரிவு, கட்சி செய்யும் பொதுப் பிரசாரத்தையும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்கிறது. 1974-இல் உச்ச நீதிமன்றம் கட்சிச் செலவும் வேட்பாளர் செலவே என்று அமர்நாத் சாவ்லா வழக்கில் தீர்ப்பளித்தது. சில நாள்களிலேயே அவசரச் சட்டம் கொண்டுவந்து அதை மாற்றிவிட்டார்கள். இருபதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை மட்டும்தான் கட்சி பெயரோடு தெரிவிக்க வேண்டும் என்பதால், பெரிய தொகையைச் சிறு துண்டுகளாக்குவது கடினமில்லை. பத்திரங்கள் போன பிறகு பெருநிறுவனப் பணம் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகப் போகிறது. அங்கேயாவது பெயர் இருக்கிறது என்பது ஓர் ஆறுதல். ஆனால் பல நிறுவனங்களின் பணத்தை ஒரே குடத்தில் ஊற்றிப் பல கட்சிகளுக்குப் பகிர்ந்தால் யார் யாருக்குத் தந்தார் என்பது மறுபடியும் மங்கிவிடுகிறது. கட்சிச் செலவுக்கு வரம்பு, ஒரு ரூபாய் நன்கொடைக்கும் தந்தவர் பெயர், பணப் பட்டுவாடாவுக்கு 58-அ போன்ற தனிப்பிரிவு ஆகிய மூன்றையும் நாடாளுமன்றம்தான் செய்ய முடியும். இப்பணத்தால் வென்றவர்களே அங்கு அமர்ந்திருப்பதால் அவர்கள் தாமாகச் செய்யமாட்டார்கள் என்பதை 2002-இல் பார்த்துவிட்டோம். அதனால்தான் கீழிருந்து அழுத்தம் வேண்டும் என்கிறேன்.

பறக்கும் படைகள் போதாதா என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டுபோனால் பறிமுதல் என்ற விதியால் சந்தைக்குப் போகும் மாட்டு வியாபாரியும், முட்டை வண்டிக்காரரும், மகள் கல்யாணத்துக்கு நகை வாங்கப் போகிறவரும் சாலையில் நிறுத்தப்படுகிறார்கள். தேர்தல் அறிவிப்பதற்கு முன்பே ஊருக்குள் வந்து சேர்ந்துவிட்ட பணம் எந்தச் சோதனைச் சாவடியையும் கடக்க வேண்டியதில்லை. ஆணையத்தின் 'சி-விஜில்' செயலியில் முறைகேட்டைப் படம் எடுத்து அனுப்பினால் நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பாகம் வாரியாக வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இரவில் கதவைத் தட்டுபவர் நம் தெருக்காரராகவே இருக்கும்போது, படம் எடுப்பவர் மறுநாளும் அதே தெருவில் குடியிருக்க வேண்டும் அல்லவா? கணக்கைப் படிப்பதில் இந்த அச்சம் பெருமளவு குறைவு. அது பகலில், அலுவலகத்தில், ஒரு கூட்டமாகச் செய்கிற வேலை.

ஆகவே என் வேண்டுகோள் இரு தரப்பினருக்கு. கல்லூரிகளில் உறுதிமொழி ஏற்கும் மாணவர்கள், அடுத்த தேர்தலில் வணிகவியல் துறை, சட்டத் துறை என்று ஆளுக்கொரு தொகுதியை எடுத்துக்கொள்ளட்டும். பிரசாரக் காலத்திலேயே கூட்டங்களைப் படமெடுத்து, நாற்காலி, பதாகை, வண்டி எண்ணிக்கையைத் தேதியோடு எழுதி வைக்கட்டும். கணக்கு வந்ததும் ஒப்பிட்டு, கோட்கிரானாவில் செய்ததுபோல் ஊர்ப் பொதுக்கூட்டத்தில் எந்த அடைமொழியும் சேர்க்காமல் படித்துக் காட்டட்டும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, சுயேச்சை என்று எல்லாக் கணக்கையும் படிக்க வேண்டும்; ஒருவருடையதை மட்டும் படித்தால் அது மற்றொருவரின் பிரசாரமாகிவிடும்.

மற்றொரு தரப்பு தாங்கள். தேர்தல் முடிவு வந்ததும் பத்திரிகைகளின் ஆர்வமும் முடிந்து, 31-ஆம் நாள் யாரும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் பக்கம் போவதில்லை. தங்கள் நாளிதழின் ஒவ்வொரு மாவட்டப் பதிப்பிலும் ஒரு பக்கத்தை ஒதுக்கி, அம்மாவட்டத் தொகுதிகளின் முதல் மூன்று வேட்பாளர்கள் காட்டிய செலவை, கூட்டம், வாகனம், விளம்பரம், உணவு என்று பிரித்து வெளியிடுங்கள். பக்கத்திலேயே அதே நாள்களில் தாங்கள் வெளியிட்ட கூட்டங்களின் படங்களையும் போட்டால் போதும். விமர்சனம் எதுவும் எழுத வேண்டியதில்லை. தேர்தல் காலத்தில் தங்கள் பக்கங்களில் வெளியான ஒவ்வோர் அரசியல் விளம்பரத்துக்கும் வாங்கிய கட்டணத்தையும் சேர்த்து வெளியிட்டால், வேட்பாளர்களின் விளம்பரச் செலவை ஒப்பிட அதைவிட நம்பகமான ஆவணம் வேறில்லை. பிசௌலி வழக்கில் சான்றாக நின்றவை செய்தித்தாள்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இவ்வேண்டுகோளை ஏற்க இயலாதெனில் அதற்கான காரணத்தையாவது இதே பகுதியில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்பதாயின், 15 நாள்தான் இருக்கிறது என்பதால், பக்கம் 31-ஆம் நாளே தொடங்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர்,
காவிரிப் படுகை மாவட்டம்